சிக்கலான சைன், காஸ் சார்புகளுக்கு ஃபூரியர் தொடர்: தொகையிட உட்காரும் முன் பார்க்க வேண்டியவை

ஒரு சார்பைச் சைன், காஸ் அலைகளின் கூட்டலாக எழுதுவதுதான் ஃபூரியர் தொடர். சைன்³θ-வின் ஃபூரியர் தொடரைக் காண்க என்று வினா வந்தால், பெரும்பாலோர் உடனே மூன்று கெழுக்களுக்கும் வாய்பாட்டை எழுதி −π முதல் π வரை தொகையிட உட்கார்ந்துவிடுகிறார்கள். இரண்டு பக்கம் ஓடியபின் எல்லாக் கெழுவும் பூச்சியம் என்று வருகிறது. ν = 1, ν = 3 என்ற இரண்டு இடங்களில் மட்டும் 0/0. கணக்கு எங்கோ தப்பிவிட்டது என்று அடித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து தொடங்குகிறார்கள். விடையோ ஒரே வரி:

சைன்³θ = (3 சைன் θ − சைன் 3θ)/4

பதினோராம் வகுப்பில் படித்த சைன் 3θ வாய்பாட்டைத் திருப்பிப் போட்டால் கிடைப்பதுதான் இது. இதற்குப் பிறகு செய்ய எதுவும் இல்லை. இதுவே ஃபூரியர் தொடர், இரண்டே உறுப்போடு நின்றுவிடும் தொடர். அந்த 0/0 வந்த இரண்டு இடங்களில்தான் முழு விடையும் ஒளிந்திருந்தது.

முக்கோணவியல் சார்புகளில் பாதிக் கணக்குகளுக்குத் தொகையிடலே தேவையில்லை. எதற்குத் தேவை, எதற்குத் தேவையில்லை என்று சார்பைப் பார்த்ததும் பிரிக்கத் தெரிந்தால் போதும். கீழே அந்த வகைகள் ஒவ்வொன்றாக வருகின்றன.

குறியீடுகளை முதலில் சொல்லிவிடுவோம். θ கோணம், எப்போதும் ரேடியனில். ν = 1, 2, 3, … ஹார்மானிக் எண், அதாவது அடிப்படை அலையைப்போல எத்தனை மடங்கு வேகத்தில் ஆடும் அலை என்பது. ι என்பது −1-இன் வர்க்கமூலம். வகுப்பில் ‘ஐயோட்டா’ என்கிறோமே, அதேதான். தொடரை இப்படி எழுதுகிறோம்:

φ(θ) = α(0)/2 + Σ [α(ν) காஸ் νθ + β(ν) சைன் νθ]

α(ν) வேண்டுமானால் φ-ஐக் காஸ் νθ-வால் பெருக்கி, ஒரு முழுச் சுற்றுக்குத் தொகையிட்டு, π-ஆல் வகுக்க வேண்டும். β(ν)-க்குக் காஸ் இருந்த இடத்தில் சைன். α(0)/2 என்பது சார்பின் சராசரி மதிப்பு. சில புத்தகங்கள் அந்த 2-ஐத் தொடரில் போடாமல், α(0) வாய்பாட்டிலேயே 1/2π என்று வைத்துக்கொள்ளும். இரண்டும் சரிதான். ஒன்றின் வாய்பாட்டையும் மற்றதன் தொடரையும் கலந்தால் சராசரி இரட்டிப்பாகும், அல்லது பாதியாகும். தேர்வுத் தாள்களில் மிக அதிகமாகக் கண்ணில் படும் பிழைகளில் இதுவும் ஒன்று.

காலம், சமச்சீர்: இரண்டு நிமிட வேலை

சார்பு எத்தனை தூரத்துக்கு ஒருமுறை திரும்ப வருகிறது என்று முதலில் பாருங்கள். காஸ் (2θ/3) + சைன் (θ/2) என்று வைத்துக்கொள்வோம். முதலாவது 3π-க்கு ஒருமுறை திரும்பும், இரண்டாவது 4π-க்கு ஒருமுறை. இரண்டும் சேர்ந்து திரும்புவது மீ.சி.ம. ஆன 12π-இல். அப்படியானால் அடிப்படை அலை சைன் (θ/6), காஸ் (θ/6). அந்தக் கணக்கில் காஸ் (2θ/3) நான்காவது ஹார்மானிக், சைன் (θ/2) மூன்றாவது. தொடர் ஏற்கெனவே கையில் இருக்கிறது. இதையும் 2π காலம் என்று நினைத்து −π முதல் π வரை தொகையிடுபவர் வேறொரு சார்பின் தொடரைக் கண்டுபிடித்துவிடுவார். காஸ் θ + காஸ் (√2 θ) என்றால் மீ.சி.ம. என்பதே கிடையாது. அது எங்கும் திரும்பாத சார்பு. அதற்குச் சாதாரண ஃபூரியர் தொடர் இல்லை.

அடுத்து சமச்சீர். φ(−θ) = φ(θ) என்றால் இரட்டைச் சார்பு, காஸ் மட்டும் வரும். φ(−θ) = −φ(θ) என்றால் ஒற்றைச் சார்பு, சைன் மட்டும். இதோடு பலர் நிறுத்திவிடுகிறார்கள். மூன்றாவதாக ஒன்றையும் பாருங்கள்: θ-வுக்குப் பதில் θ + π போட்டால் சார்பு குறி மாறுகிறதா? மாறினால் ஒற்றைப்படை ஹார்மானிக்குகள் மட்டும். மாறாமல் அப்படியே இருந்தால் இரட்டைப்படை ஹார்மானிக்குகள் மட்டும். சைன்³θ காஸ்²θ-வை எடுத்தால், அது ஒற்றைச் சார்பு, π நகர்த்தினால் குறி மாறும், மொத்த அடுக்கு 5. ஆகவே சைன் θ, சைன் 3θ, சைன் 5θ தவிர வேறெதுவும் வர வழியில்லை. ஒரு வரிகூடக் கணக்குப் போடாமல் விடையின் வடிவம் தெரிந்துவிட்டது.

அடுக்கும் பெருக்கலும் மட்டும் இருந்தால்

சைன், காஸ் இரண்டின் முழு எண் அடுக்குகளையும் பெருக்கல்களையும் கொண்ட எதற்கும் தொடர் முடிவுள்ளது. இதற்கு நம்பகமான கருவி ஒன்றே: ζ = காஸ் θ + ι சைன் θ என்று வைத்துக்கொண்டு

காஸ் θ = (ζ + 1/ζ)/2, சைன் θ = (ζ − 1/ζ)/(2ι)

என்று மாற்றிவிடுவது. ζ-வின் ν-ஆவது அடுக்கு காஸ் νθ + ι சைன் νθ. ஆகவே அடுக்கு எதுவோ அதுவே ஹார்மானிக் எண்.

சைன்³θ காஸ்²θ-வை முழுதாகச் செய்து பார்ப்போம்.

1. தொகுதியில் (ζ − 1/ζ)³ (ζ + 1/ζ)². பகுதியில் (2ι)³ × 2² = −8ι × 4 = −32ι.

2. அப்படியே விரிக்க வேண்டாம். இரண்டு ஜோடிகளைச் சேர்த்துக்கொள்ளுங்கள்: (ζ − 1/ζ)(ζ + 1/ζ) = ζ² − ζ⁻². ஆகத் தொகுதி (ζ² − ζ⁻²)² (ζ − ζ⁻¹), அதாவது (ζ⁴ − 2 + ζ⁻⁴)(ζ − ζ⁻¹).

3. பெருக்கினால் ζ⁵ − ζ³ − 2ζ + 2ζ⁻¹ + ζ⁻³ − ζ⁻⁵. இங்கே ஒரு நிமிடம் நின்று பாருங்கள்: ζ⁵-இன் கெழுவும் ζ⁻⁵-இன் கெழுவும் எதிரெதிர்க் குறியில் இருக்கின்றன, மற்ற ஜோடிகளும் அப்படியே. ஒற்றைச் சார்புக்கு இப்படித்தான் இருக்க வேண்டும். ஒரு ஜோடி ஒத்துப்போகவில்லை என்றால் பெருக்கலில் பிழை.

4. ζ⁵ − ζ⁻⁵ = 2ι சைன் 5θ என்று ஜோடி ஜோடியாக மாற்றினால் 2ι (சைன் 5θ − சைன் 3θ − 2 சைன் θ).

5. −32ι-ஆல் வகுத்தால்

சைன்³θ காஸ்²θ = (2 சைன் θ + சைன் 3θ − சைன் 5θ)/16

θ = π/2 போட்டால் இடப்பக்கம் 0; வலப்பக்கம் 2 − 1 − 1 = 0. சரி.

இந்த வகையில் ஏற்படும் பிழை பெரும்பாலும் பகுதியில்தான். ι-இன் அடுக்கு 1, 2, 3, 4 என்று போகும்போது ι, −1, −ι, 1 என்று சுழலும். (2ι)³-ஐ 8ι என்று எழுதினால் மொத்த விடையும் குறி மாறி வரும். வடிவம் சரியாக இருப்பதால் தப்பு கண்ணுக்குப் படாது. அதனால்தான் π/2-இல் 0 வருகிறதா என்று பார்ப்பதோடு நிற்காமல், சார்பு பூச்சியமாகாத ஓர் இடத்திலும் சரிபார்க்க வேண்டும். π/4 போடுங்கள்: இடப்பக்கம் (1/√2)⁵, சுமார் 0.1768. வலப்பக்கம் 4 × 0.7071/16, அதுவும் 0.1768.

காஸின் அடுக்கு மட்டும் இருந்தால் ζ-கூட வேண்டாம், பாஸ்கல் முக்கோணம் போதும். காஸ்⁴θ-வுக்கு 1, 4, 6, 4, 1 என்ற வரிசை, வகுக்கும் எண் 16. நடு எண் 6/16 = 3/8 சராசரி. அடுத்த 4 இரு பக்கமும் இருப்பதால் 8/16, அது காஸ் 2θ-வின் கெழு. கடைசி 1 இரு பக்கமும் சேர்ந்து 2/16, காஸ் 4θ-வின் கெழு. முடிந்தது.

பகுதியில் காஸ் இருந்தால்

1/(5 − 4 காஸ் θ) போன்றவற்றைப் பார்த்ததும் பயம் வருவது இயல்பு. நேரடியாகத் தொகையிடப் போனால் பயப்படுவதில் நியாயமும் உண்டு. ஒவ்வொரு ν-க்கும் அரைக்கோண டேன் பதிலீடு போட்டு மாள முடியாது. இதற்கும் ζ-தான் வழி. இந்த முறை பாஸ்கல் முக்கோணம் இருந்த இடத்தில் பெருக்குத் தொடர் வரும்.

4 காஸ் θ = 2ζ + 2/ζ. மேலும் கீழும் ζ-வால் பெருக்கினால் சார்பு ζ/(5ζ − 2ζ² − 2) ஆகிறது. பகுதியைக் காரணிப்படுத்தினால் (2ζ − 1)(2 − ζ). பகுதிப் பின்னங்களாகப் பிரித்தால்

(1/3)/(2ζ − 1) + (2/3)/(2 − ζ)

மூலங்கள் 1/2, 2. இங்கேதான் கவனம் முழுதும் வேண்டும். நம் ζ எப்போதும் அலகு வட்டத்தின் மீது இருக்கிறது, அதன் மட்டு 1. வட்டத்துக்கு வெளியே இருக்கும் மூலம் 2. அதற்குரிய பின்னத்தை ζ-வின் நேர் அடுக்குகளில் விரிக்க வேண்டும்: (1/3)(1 + ζ/2 + ζ²/4 + …). வட்டத்துக்கு உள்ளே இருக்கும் மூலம் 1/2. அதன் பின்னத்தை ζ-வின் எதிர் அடுக்குகளில் விரிக்க வேண்டும்: (1/3)(1/(2ζ) + 1/(4ζ²) + …). பழக்க தோஷத்தில் இரண்டையும் நேர் அடுக்குகளிலேயே விரித்தால், முதல் பின்னம் 1 + 2ζ + 4ζ² + … என்ற வகையில் வீங்கிக்கொண்டே போகும். அது எதற்கும் குவியாது. எழுதும்போது மட்டும் ஏதோ சரியாகவே தோன்றும்.

இரண்டையும் கூட்டி, ζ-வின் ν அடுக்கையும் −ν அடுக்கையும் ஜோடி சேர்த்தால்:

1/(5 − 4 காஸ் θ) = 1/3 + (2/3) [காஸ் θ/2 + காஸ் 2θ/4 + காஸ் 3θ/8 + …]

(இங்கும் இனி வரும் தொடர்களிலும் காஸ் 2θ/4 என்றால் காஸ் 2θ-வை 4-ஆல் வகுத்தது; கோணத்தையே வகுத்தால் அடைப்புக்குறி இருக்கும்.) θ = 0-இல் இடப்பக்கம் 1, வலப்பக்கம் 1/3 + 2/3. θ = π-இல் இடப்பக்கம் 1/9; வலப்பக்கம் 1/3 − 2/9 = 1/9.

பொதுவாக 1/(κ + λ காஸ் θ) என்று வந்தால் (κ நேர் எண், λ-வின் மட்டை விடப் பெரியது), σ = √(κ² − λ²) என்று கண்டுபிடித்து ρ = (σ − κ)/λ என்று வையுங்கள். விடை (1/σ)[1 + 2ρ காஸ் θ + 2ρ² காஸ் 2θ + …]. மேலே κ = 5, λ = −4; σ = 3; ρ = 1/2. தொகுதியில் சைன் θ இருந்தாலும் இதே பாதைதான்: சைன் θ/(5 − 4 காஸ் θ) = (1/2)[சைன் θ/2 + சைன் 2θ/4 + சைன் 3θ/8 + …].

κ-வும் λ-வும் மட்டில் சமமாக இருந்தாலோ, λ பெரியதாக இருந்தாலோ பகுதி எங்காவது பூச்சியமாகும், சார்பு முடிவிலிக்குப் பாயும், தொகையீடு குவியாது. 1/(1 − காஸ் θ)-வுக்கு ஃபூரியர் தொடர் காண்க என்று யாராவது கேட்டால், தொடர் இல்லை என்பதே விடை.

மட்டு மதிப்பும் ரெக்டிஃபையரும்

|சைன் θ|-வில் அடுக்கு, பின்னம் எதுவும் இல்லை; ஆனால் θ = 0, π, 2π … என ஒவ்வோர் இடத்திலும் கூர்முனை இருக்கிறது. கூர்முனையை முடிவுள்ள சைன், காஸ் கூட்டலால் உண்டாக்க முடியாது. இங்கே தொகையிடாமல் தப்ப வழியில்லை, நல்லவேளையாக வேலை சிறியது.

இரட்டைச் சார்பு, ஆகவே காஸ் மட்டும். 0 முதல் π வரை தொகையிட்டு 2/π-ஆல் பெருக்கினால் போதும். அந்த இடைவெளியில் மட்டுக் குறியைக் கழற்றிவிடலாம். சைன் θ காஸ் νθ-வைப் பாதி [சைன் (1 + ν)θ + சைன் (1 − ν)θ] என்று உடைத்துத் தொகையிட்டால்

α(ν) = 2 (1 + (−1)^ν)/(π (1 − ν²))

ν ஒற்றைப்படை என்றால் 0, ஆனால் ν = 1-இல் பகுதியும் 0. தொகையிடும்போது 1 − ν-ஆல் வகுத்த அந்த வரியிலேயே ν = 1 வெளியேறிவிட்டது; அதைத் தனியாக முதலிலிருந்து செய்ய வேண்டும். சைன் θ காஸ் θ-வை 0 முதல் π வரை தொகையிட்டால் 0. ஆக

|சைன் θ| = 2/π − (4/π) [காஸ் 2θ/3 + காஸ் 4θ/15 + காஸ் 6θ/35 + …]

பகுதிகள் 1×3, 3×5, 5×7 என்று போகின்றன.

ν = 1-ஐத் தனியாகப் பார்த்தோம், பூச்சியம்தானே வந்தது, எதற்கு இந்தச் சிரமம் என்று கேட்கத் தோன்றும். அரை அலைக்கு வாருங்கள்: 0 முதல் π வரை சைன் θ, π முதல் 2π வரை 0. இதில் β(ν)-வைக் கணக்கிட்டால் சைன் (ν − 1)π, சைன் (ν + 1)π என்று வரும். இரண்டும் 0 என்று அடித்துவிடுவோம். ν = 1-ஐத் தனியே செய்தால் β(1) = 1/2. இதுதான் விட்டுப்போகும் உறுப்பு:

அரை அலை = 1/π + (1/2) சைன் θ − (2/π) [காஸ் 2θ/3 + காஸ் 4θ/15 + …]

விட்டுவிட்டால் என்ன ஆகும் என்பதை மின்சாரத்தில் பார்த்தால் பளிச்சென்று தெரியும். 12 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மரின் உச்ச மின்னழுத்தம் 12√2, சுமார் 17 வோல்ட். டையோடில் விழும் வோல்ட்டை விட்டுவிட்டுப் பார்த்தால், ஒற்றை டையோடு அரை அலையில் சராசரி சுமார் 5.4 வோல்ட், அதன் மேல் 50 ஹெர்ட்ஸில் ஆடும் பகுதியின் வீச்சு 8.5 வோல்ட். சராசரியை விட அதுதான் பெரிது, அந்த 1/2 சைன் θ-வின் வேலை. இரு அரை அலைகளையும் ஒரே திசைக்குத் திருப்பி |சைன் θ| வடிவம் தரும் பிரிட்ஜ் ரெக்டிஃபையர் போட்டால் சராசரி 10.8 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் பகுதி முற்றிலும் மறைந்து 100 ஹெர்ட்ஸில் 7.2 வோல்ட், 200 ஹெர்ட்ஸில் 1.44 வோல்ட் வீச்சு. ஃபில்டர் கன்டென்சர் தேய்ந்துபோன ஆம்ப்ளிஃபையரில் கேட்கும் ‘ம்ம்ம்’ ஓசையின் அடிப்படை 50 அல்ல, 100 ஹெர்ட்ஸ் என்பதற்குக் காரணம் மேலே இருக்கும் தொடரில் காஸ் 2θ முதலில் நிற்பதுதான்.

|காஸ் θ| வேண்டுமென்றால் மறுபடி தொகையிட வேண்டாம். θ-வுக்குப் பதில் θ + π/2 போடுங்கள். காஸ் 2θ, காஸ் 6θ முதலியவற்றின் குறி மட்டும் மாறும்: 2/π + (4/π)[காஸ் 2θ/3 − காஸ் 4θ/15 + காஸ் 6θ/35 − …].

காஸ் μθ, μ முழு எண் இல்லை

‘காஸ் μθ ஏற்கெனவே காஸ்தானே, அதற்கு எதற்குத் தொடர்?’ என்பது நல்ல கேள்வி. −π முதல் π வரை உள்ள துண்டை மட்டும் வெட்டியெடுத்து, அதையே பக்கம் பக்கமாக ஒட்டிக்கொண்டு போவதாக நினைத்துக்கொள்ளுங்கள். ஒட்டும் இடத்தில் முனை வரும். அந்த ஒட்டுப்போட்ட சார்புக்குத்தான் தொடர்:

காஸ் μθ = (சைன் μπ/π) [1/μ + Σ (−1)^ν 2μ காஸ் νθ/(μ² − ν²)], −π முதல் π வரை மட்டும்

μ = 1/2 போட்டுப் பாருங்கள். வருவது |காஸ் (θ/2)|-வின் தொடர், மேலே கண்டதேதான். ஒட்டுப்போட்டால் காஸ் (θ/2) தன் எதிர்ப் பகுதியை இழந்துவிடுகிறது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். இதே தொடரில் θ = π போட்டுச் சைன் μπ-ஆல் வகுத்தால் π கோட் μπ = 1/μ + Σ 2μ/(μ² − ν²) என்ற ஆய்லரின் புகழ்பெற்ற விரிவு இலவசமாகக் கிடைக்கும்.

சைன் μθ-வில் நிலைமை மோசம். கெழு β(ν) = (−1)^ν 2ν சைன் μπ/(π(μ² − ν²)). ஒட்டும் இடத்தில் வெறும் முனை இல்லை, தாவல். μ = 1/2 என்றால் +1-இலிருந்து −1-க்கு ஒரே எட்டு. எத்தனை உறுப்புகள் சேர்த்தாலும் தாவலுக்குப் பக்கத்தில் வரைபடம் தாவலின் உயரத்தில் சுமார் 9 சதவீதம் மேலே துருத்திக்கொண்டு நிற்கும். இங்கே 1-க்குப் பதில் சுமார் 1.18. இது கிப்ஸ் விளைவு. கணக்கில் பிழை என்று தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம். சரியாகத் தாவும் இடத்தில் தொடர் இரு பக்க மதிப்புகளின் நடுவை, இங்கே 0-வை, தரும்.

θ சைன் θ: இடைவெளியைப் படிக்காமல் தொடங்காதீர்கள்

பொறியியல் கணிதத் தாள்களில் இந்தச் சார்பு வந்துகொண்டே இருக்கும். (−π, π)-இல் ஒரு விடை, (0, 2π)-இல் வேறு விடை. முந்தையது இரட்டைச் சார்பு:

θ சைன் θ = 1 − (1/2) காஸ் θ − 2 [காஸ் 2θ/3 − காஸ் 3θ/8 + காஸ் 4θ/15 − …]

பகுதிகள் ν² − 1. ஆகவே ν = 1 இங்கேயும் தனி; பாதி [θ சைன் 2θ]-வைத் தொகையிட்டால் −1/2 வரும்.

(0, 2π)-க்கு மறுபடி பகுதித் தொகையிடலில் இறங்குவதைவிட நல்ல குறுக்குவழி ஒன்று உண்டு. θ = π + τ என்று வையுங்கள்; τ இப்போது −π முதல் π வரை ஓடும். θ சைன் θ = −(π + τ) சைன் τ = −π சைன் τ − τ சைன் τ. இரண்டாம் உறுப்பின் தொடர் ஏற்கெனவே தெரியும். காஸ் ντ = (−1)^ν காஸ் νθ, சைன் τ = −சைன் θ என்று திருப்பி மாற்றினால்:

θ சைன் θ = −1 + π சைன் θ − (1/2) காஸ் θ + 2 [காஸ் 2θ/3 + காஸ் 3θ/8 + காஸ் 4θ/15 + …]

சராசரி 1-இலிருந்து −1 ஆகிவிட்டது. புதிதாகப் π சைன் θ முளைத்திருக்கிறது. (0, 2π)-ஐக் கொடுத்துவிட்டு ‘θ சைன் θ இரட்டைச் சார்பு, ஆகவே சைன் கெழுக்கள் 0’ என்று எழுதினால் அந்தப் π சைன் θ பறிபோகும். இரட்டை, ஒற்றை என்ற பேச்சு −π முதல் π போல 0-வைச் சுற்றிச் சமமாக உள்ள இடைவெளிக்குத்தான்.

சைனுக்குள் சைன், மடக்கைக்குள் சைன்

காஸ் (ω சைன் θ) போன்றவற்றின் கெழுக்களைச் சாதாரணச் சார்புகளால் எழுத முடியாது. அவை பெசல் சார்புகள், மதிப்புகளை அட்டவணையிலோ கணினியிலோ பார்த்துக்கொள்ளும் தனிவகைச் சார்புகள். அதை ஏற்றுக்கொண்டால் வேலை எளிது: காஸ் (ω சைன் θ)-வில் சராசரி பூச்சிய வரிசைப் பெசல் சார்பு, காஸ் 2θ, காஸ் 4θ … கெழுக்கள் 2, 4 … வரிசைப் பெசல் சார்புகளின் இரு மடங்கு. சைன் (ω சைன் θ)-வில் அதேபோல ஒற்றைப்படை வரிசைகள், சைன் உறுப்புகளோடு. ω = 1-க்கு வரிசை 0, 1, 2, 3-இன் மதிப்புகள் 0.7652, 0.4401, 0.1149, 0.0196. எஃப்.எம். ஒலிபரப்பின் பக்கப் பட்டைகளின் அளவைத் தருவது இந்த எண்கள்தான். பண்பேற்றக் குறியீட்டெண் (இங்கே ω) 2.405 ஆகும்போது நடுவிலுள்ள ஊர்தி அலை காணாமல் போவதும் பூச்சிய வரிசைப் பெசல் சார்பு அங்கே முதல்முறை 0 ஆவதால்தான்.

இயல் மடக்கை |2 சைன் (θ/2)|-வுக்கு விடை −[காஸ் θ + காஸ் 2θ/2 + காஸ் 3θ/3 + …]. θ = 0-இல் சார்பே முடிவிலிக்குப் போகிறது, ஆனாலும் தொகையீடு குவிவதால் தொடர் உண்டு. 1/(1 − காஸ் θ)-வோடு ஒப்பிட்டுப் பாருங்கள்: முடிவிலிக்குப் போவது மட்டும் தடை இல்லை, எவ்வளவு வேகமாகப் போகிறது என்பதுதான் தடை.

விடை சரியா என்று பார்ப்பது

கெழுக்கள் தேயும் வேகம் முதல் சாட்சி. தாவல் உள்ள சார்பு என்றால் 1/ν வேகம், தாவலின்றி முனை மட்டும் என்றால் 1/ν², 1/(5 − 4 காஸ் θ) போல எங்கும் வழுவழுப்பாக இருந்தால் 1/2, 1/4, 1/8 என்று பெருக்குத் தொடர் வேகம். |சைன் θ|-வுக்கு 1/ν வேகத்தில் கெழுக்கள் வந்தால் கணக்கைத் திரும்பப் பாருங்கள்.

இரண்டாவது, பார்சிவல் தேற்றம். சார்பின் வர்க்கத்தின் சராசரியும், (சராசரியின் வர்க்கம் + மற்றக் கெழுக்களின் வர்க்கங்களின் கூட்டலில் பாதி) என்பதும் சமமாக இருக்க வேண்டும். |சைன் θ|-வுக்கு வர்க்கச் சராசரி 0.5. தொடரில் முதல் நான்கு உறுப்புகளே 0.4053 + 0.0901 + 0.0036 + 0.0007 = 0.4997 தந்துவிடுகின்றன.

மூன்றாவது எண் வழிச் சோதனை; எக்செல்லில் ஐந்து நிமிடம். ஒரு முழுச் சுற்றை 12 சம பாகமாக்கி, 30 பாகைக்கு ஒரு புள்ளி எடுங்கள். ஒவ்வொரு புள்ளியிலும் சார்பைச் சைன் νθ-வால் பெருக்கி, பன்னிரண்டையும் கூட்டி, 6-ஆல் வகுத்தால் β(ν). சைன்³θ காஸ்²θ-வில் 30 பாகையில் மதிப்பு 0.09375, 60 பாகையில் 0.16238, 90-இல் 0. மற்றவை இவற்றின் பிரதிகள், குறி மட்டும் மாறும். β(1)-க்கு 4 × 0.09375 × 0.5 = 0.1875, 4 × 0.16238 × 0.866 = 0.5625, கூட்டல் 0.75, 6-ஆல் வகுத்தால் 0.125. நம் விடையில் 2/16, அதுவும் 0.125. β(3)-க்கு 0.375/6 = 0.0625, β(5)-க்கு −0.0625. மூன்றும் அப்படியே பொருந்துகின்றன; தோராயமாக அல்ல, துல்லியமாக. சார்பின் உச்ச ஹார்மானிக் 5, புள்ளிகள் அதன் இரு மடங்கைவிட அதிகம் என்பதால்.

சோம்பல்பட்டு 6 புள்ளிகளோடு நிறுத்தினால் β(1) = 0.1875 என்று வரும். 60 பாகைக்கு ஒரு புள்ளி எடுக்கும்போது ஒவ்வொரு புள்ளியிலும் சைன் 5θ = −சைன் θ; ஐந்தாவது ஹார்மானிக்கின் −1/16 குறி மாறி முதல் ஹார்மானிக்கின் கணக்கில் போய் உட்கார்ந்துகொள்கிறது, 2/16 + 1/16 = 3/16. |சைன் θ| போல முடிவில்லாத் தொடர்களில் எத்தனை புள்ளி எடுத்தாலும் இந்தக் கலப்படம் கொஞ்சமாவது இருக்கும். 64 புள்ளி எடுத்து முதல் ஐந்தாறு கெழுக்களை மட்டும் நம்புங்கள்.

எக்செல்லின் சைன் சார்பு ரேடியனைத்தான் எடுத்துக்கொள்ளும். 30 என்று கொடுத்தால் 0.5 வராது, −0.988 வரும். பாகை நிரலுக்குப் பக்கத்தில் π/180-ஆல் பெருக்கிய இன்னொரு நிரல் வைத்துக்கொண்டு, வாய்பாடுகளில் எல்லாம் அந்த நிரலையே காட்டுங்கள்.